சடங்காகிப் போன சட்டம்

குடவாசல் கடைத்தெருவில், மாலை மங்கும் வேளையில், இப்படி ஓர் உரையாடல் காதில் விழும்.

"எங்கேண்ணே புறப்பாடு?"

"அக்கரைக்கு!"

கேட்டவர் சிரிப்பார். சொன்னவர் சிரிப்பார். பக்கத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெரியவரும், செய்தி விளங்கியவராய், பல் தெரியச் சிரிப்பார். எந்த ஆற்றுக்கு அக்கரை என்று எவரும் வினவுவதில்லை. நன்னிலம் கடந்து, பேரளம் கடந்து, வயல்களின் நடுவே கிழக்கு நோக்கிச் செல்கிறதே சாலை, அது அம்பகரத்தூரை எட்டும்போது தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்கால் தொடங்கிவிடுகிறது. மண் மாறவில்லை, அதே காவிரி வண்டல். பயிர் மாறவில்லை, அதே நெல். மொழி மாறவில்லை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவும் மாறவில்லை. மதுவைப் பற்றிய சட்டம் மட்டும் மாறிவிடுகிறது!

அந்தச் சிரிப்பைத்தான் நாம் இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். கவிதையைத் திறனாய்வர், நாடகத்தைத் திறனாய்வர். கடைத்தெருச் சிரிப்பையுமா என்று கேட்கும் அன்பர் இருக்கக்கூடும். ஒரு மக்கள் கூட்டம் எதைக் கண்டு சிரிக்கிறதோ, அது அந்த மக்கள் எழுதாமல் எழுதும் இலக்கியம். அதைப் படிக்க மறுப்பவர் ஏட்டிலக்கியத்தை மட்டும் படித்து என்ன பயன்?

இக்கரையில் கள் இறக்குவது குற்றம். 1987 சனவரி முதல் நாள் தொட்டுக் குற்றம். அக்கரையிலோ கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அரசு ஏலம் விட, எடுத்தவர் நடத்தும் தொழில். இக்கரையில் 21 வயது நிரம்பாதவனுக்குப் புட்டி விற்கலாகாது. அக்கரையில் 18 போதும். வயல் வரப்பு ஒன்றைத் தாண்டினால் குற்றவாளி குடிமகனாகிறான். திரும்பி வருகையில் பையில் புட்டி இருந்தால், குடிமகன் மறுபடியும் குற்றவாளி. எல்லையில் சோதனைச் சாவடி உண்டு, காவலர் உண்டு, பிடிபடுவோரும் உண்டு. ஆனால் பிடிபட்டவனை ஊர் பழிப்பதில்லை; "வழி தெரியாதவன்" என்று இரக்கப்படுகிறது!

வழியில் திருநள்ளாறு இருக்கிறது. சனி பிடித்தவர் அங்கே குளத்தில் முழுகி, கட்டிய துணியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தால் பிடித்தது விட்டுவிடும் என்று நம்பிச் செல்வோர் ஆயிரக்கணக்கில் உண்டு. துணியை விட்டுவிட்டுப் புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும் பக்தர் சிலரும் உண்டு என்பதை அந்தப் பேருந்தில் பயணம் செய்தவர் அறிவர். சனி அவரை விட்டதோ இல்லையோ, காரைக்கால் அவரை விடவில்லை.

நாம் ஒழுக்க உபதேசம் செய்ய வந்தவர்கள் அல்லர். குடிப்பது பாவம், குடித்தவன் நரகம் புகுவான் என்று பேசுவதற்குப் புராணிகர் இருக்கின்றனர். நரகமே இல்லையென்று நிறுவியவர்க்கு அந்தப் பேச்சு உதவாது. நம் கேள்வி வேறு. எவரும் மதிக்காத ஒரு சட்டம் ஏன் இருக்கிறது? அது இருப்பதால் ஆதாயம் அடைவோர் எவர்? அதன் விலையைக் கொடுப்போர் எவர்?

காரைக்காலின் பழங்கதையைச் சற்றே புரட்டுவோம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் அது. அந்தத் துறை நெல்லையும் துணியையும் மட்டும் ஏற்றி அனுப்பவில்லை, மனிதரையும் ஏற்றி அனுப்பியது. 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. 1853 தொடங்கி 1880களின் இறுதிவரை புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பல்லாயிரம் தமிழர், ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில், கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்கே கரும்பிலிருந்து சர்க்கரை. சர்க்கரை ஆலையின் மிச்சப் பாகிலிருந்தும், கரும்புச் சாற்றிலிருந்தும் ரம். காவிரிக் கரையில் நாற்று நட்ட கை, அந்தத் தீவுகளில் ரம்முக்குக் கரும்பு வெட்டியது. இன்று கரீபியத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோர், "அங்கே மதுச்சட்டம் எவ்வளவு தளர்வு! மக்கள் எவ்வளவு மலர்ந்த முகம்!" என்று வியந்து பேசுகின்றனர். முகம் மலர்ந்திருக்கட்டும், மகிழ்ச்சியே. அந்த மதுவுக்குப் பின்னே நின்ற கரும்புக் காட்டையும், அந்தக் காட்டில் நின்ற நம்மவரையும் அவர்கள் பயணக் குறிப்பில் காணோம்.

அதே கடற்பகுதியில் நடந்த இன்னொரு செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1920 முதல் 1933 வரை அமெரிக்க ஐக்கிய நாட்டில் மதுவிலக்கு. அருகே பிரிட்டனின் பகாமாத் தீவுகளில் மதுவிலக்கு இல்லை. நாசோ நகரத்துக் கிடங்குகள் நிறைந்தன. இரவுகளில் படகுகள் விரைந்தன. மதுவின் மீது விதித்த தீர்வையால் அந்தச் சிறு தீவுகளின் கருவூலம் கொழித்தது. வடக்கே கனடாவை ஒட்டிய சேன் பியேர் என்னும் பிரெஞ்சுத் தீவிலும் இதே கூத்து. பெரிய நாடு சட்டம் இயற்றியது. பக்கத்துத் தீவு காசு எண்ணியது. தீவினர் சட்டத்தை எள்ளிச் சிரித்தனர் என்று எழுதுகின்றனர். சிரிக்காமல் என்ன செய்வர்? எங்கே ஒரு சட்டம் தளர்ந்து கிடக்கிறதோ, அங்கே அந்தத் தளர்ச்சி எவருக்கோ வருமானமாக இருக்கிறது.

நம் நாசோ, காரைக்கால். 1948 அக்டோபர் 2-ஆம் நாள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்று ஓமந்தூரார் ஆட்சி அறிவித்தது. காரைக்காலில் அப்போது மூவண்ண பிரெஞ்சுக் கொடி. தஞ்சை மாவட்டம் வறண்டது. நடுவில் ஒரு திட்டு மட்டும் நனைந்து கிடந்தது. 1954 நவம்பர் முதல் நாள் கொடி இறங்கியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் அந்த மண் இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சுக்காரன் போனான். அவன் விட்டுச்சென்ற மதுக் கொள்கை போகவில்லை. அதைப் பேணிக் காக்க நம்மவரே போதுமானவராக இருந்தனர்.

இந்த இடத்தில் இக்கரை வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமாம், எல்லாக் கேடும் அக்கரையிலிருந்துதான்" என்று சொல்லக்கூடும். பொறுத்திருங்கள்! அக்கரைக்காரன் விற்கிறேன் என்று சொல்லி விற்கிறான். இக்கரையில் நடப்பதுதான் வியப்பிலும் வியப்பு.

தமிழ்நாட்டில் மது விற்பனையை நடத்தும் சட்டத்தின் பெயர் தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்! 1937-ஆம் ஆண்டின் 10-ஆம் சட்டம். ஆச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது இயற்றியது; அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. அதன் கீழ் வகுத்த விதிகளின்படியே கடை திறக்கிறது. விற்பனையை மேற்பார்க்கும் துறையின் பெயர் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை. மதுவிலக்கு அமைச்சர் மது விற்கிறார். விற்ற கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்கிறார். 2023-24-ஆம் ஆண்டில் அந்தக் கணக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடையின் பலகையிலும் புட்டியின் ஒட்டிலும் மது கேடு என்ற அறிவிப்பு தவறாமல் இருக்கிறது. கேடு என்று எழுதிவிட்டுக் கேட்டை விற்கும் துணிவு, எம் சிற்றறிவுக்கு எட்டியவரை, பஞ்சாங்கக்காரருக்கு மட்டுமே உண்டு: இராகு காலம் என்று அவரே சொல்வார், அதற்குப் பரிகாரமும் அவரே விற்பார்.

விதிகளைக் காணுங்கள். கோயில், பள்ளி முதலியவற்றிலிருந்து நகரத்தில் 50 மீட்டர், ஏனைய இடங்களில் 100 மீட்டர் தள்ளியே கடை இருத்தல் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் விதி கூறுகிறது. எல்லாம் வல்லவன் என்று சொல்லப்படும் கடவுளுக்கே 100 மீட்டர் பாதுகாப்புத் தேவைப்படுகிறது! குடித்தவன் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை மீட்டர்? அதை விதி கூறவில்லை.

ஆண்டில் சில நாட்கள் கடைக்கு விடுமுறை. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் நாள், நபிகள் பிறந்த நாள், காந்தியார் பிறந்த நாள், உழைப்பாளர் நாள் என்று பட்டியல் நீள்கிறது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவருக்கு நாம் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம்! முந்தைய நாள் மாலை கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்க்குத் தெரியும், அந்த ஒரு நாளும் எப்படிக் கழிகிறது என்று. ஏகாதசியன்று அரிசிச் சோறு உண்ணாமல், அரிசி உப்புமா உண்டு விரதம் காத்த பாட்டிமாரை எள்ளி நகையாடினோமே, நம் அரசின் இந்த விரதத்தை என்னென்பது?

2016 டிசம்பர் 15-இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. குடித்துவிட்டு வண்டியோட்டி மாண்டவர் தொகை பெருகிவிட்டது என்பது காரணம். நல்ல தீர்ப்பு. உடனே பல மாநில அரசுகளுக்கு ஓர் அறிவொளி தோன்றியது. கடையை ஏன் நகர்த்த வேண்டும்? நெடுஞ்சாலையின் பெயரை மாற்றிவிட்டால் போயிற்று! நெடுஞ்சாலையை உள்ளாட்சிச் சாலை என்று ஏட்டில் எழுதும் முயற்சி நம் மாநிலத்திலும் நடந்தது, உயர்நீதிமன்றம் குறுக்கிட்டது. கேரளத்தில் ஒரு மதுக்கூடம், சாலையிலிருந்து வாயிலுக்கு வரும் பாதையை வளைத்து வளைத்துக் கட்டி, நடக்கும் தூரத்தை 500 மீட்டருக்கு நீட்டிக்கொண்டது. நாடே சிரித்தது. மறுபடியும் அந்தச் சிரிப்பு! 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்குப் புது இடம் தேடிக் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்தபோது பெண்கள் வீதிக்கு வந்தனர். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் நின்ற ஒரு பெண்ணின் கன்னத்தில் காவல் அதிகாரி அறைந்த காட்சியை நாடெங்கும் கண்டனர். அப்போது எவரும் சிரிக்கவில்லை.

ஆகவே, சட்டம் எல்லோருக்கும் தளர்வாக இருக்கிறது என்பதே பொய். அது ஒரு பக்கம் தளர்ந்தும் ஒரு பக்கம் இறுகியும் கிடக்கிறது. மது விலக்கப்பட்ட நாட்களிலும் கதை இதுதான். வசதியுள்ளவர், மருத்துவர் சான்று பெற்று, உடல்நலத்துக்கென்று "பெர்மிட்" வாங்கி, வீட்டில் மேசை போட்டு அருந்தினர். வசதியில்லாதவன் ஊறல் போட்டான், பிடிபட்டான், சிறை சென்றான். அல்லது வார்னிசைக் குடித்துக் கண்ணிழந்தான், உயிரிழந்தான். மேட்டுத்தெருவுக்குப் பெர்மிட், பள்ளத்தெருவுக்குப் போலீசு! இன்றோ ஆலையில் வடித்து வண்ணத்தாள் ஒட்டிய புட்டி சட்டத்துக்கு உகந்தது. பனையில் ஏறி இறக்கும் கள் சட்டத்துக்குப் பகை. பனை நம் மாநில மரம்! மரத்துக்கு மாலை, அதில் ஏறுபவனுக்கு விலங்கு. கள் நல்லதென்று நாம் வாதாடவில்லை. ஆலை முதலாளியின் போதைக்கு அரசே கடை வைத்துக் கொடுத்துவிட்டு, மரமேறியின் கலயத்தை மட்டும் உடைப்பதற்கு நீதி என்று பெயர் சூட்டாதீர் என்கிறோம்.

2015 அக்டோபரில், மதுக்கடைகளைச் சாடிப் பாடினார் என்பதற்காகப் பாடகர் கோவன் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். அரசுக்கெதிரான குற்றம் என்னும் 124-அ பிரிவு அவர்மேல் பாய்ந்தது. பாட்டு விற்றவருக்கு அவ்வளவு இறுக்கம்! 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் ஓடிற்றே, அங்கே எத்தனை தளர்வு! கள்ளக்குறிச்சியில் மட்டும் மாண்டவர் அறுபதுக்கும் மேல்; பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அரசுக் கடையின் புட்டி விலை எட்டாதவர் குறைந்த விலைப் பொட்டலத்தை நாடினர் என்பது அந்த ஊரார் அனைவரும் அறிந்தது. மாண்ட பிறகு சட்டம் திருத்தப்பட்டது, ஆயுள் தண்டனை சேர்க்கப்பட்டது. ஆயுள் போனபின் ஆயுள் தண்டனை!

நம் தரப்பின் கணக்கையும் பார்த்துவிடுவோம். பிறர் முதுகில் அழுக்கைத் தேடுவோர் தம் முதுகைத் தடவிப் பார்க்க அஞ்சலாகாது. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கிய வரலாறு நமக்குரியது. தம் தோப்பின் தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்த பெரியார் நமக்குரியவர். அதே பெரியார் பிற்காலத்தில் சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கை ஏற்க மறுத்து வெளிப்படையாகப் பேசியதும் நமக்குரியதே. இரண்டிலும் ஒரு நேர்மை இருந்தது: செய்வதைச் சொன்னார், சொன்னதைச் செய்தார். அண்ணா முதல்வராக இருந்தவரை மதுவிலக்கு நீடித்தது. 1971 ஆகஸ்டில், கழக ஆட்சியிலேயே, அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1937-இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆச்சாரியார், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், முதல்வர் வீடு தேடிச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எத்தனையோ கொள்கைகளில் நாம் அவரை எதிர்த்து நின்றவர்கள். அந்த நடையை மட்டும் எள்ளிப் பேச எமக்கு நா எழவில்லை.

அன்று கூறப்பட்ட காரணம் யாது? சுற்றிலும் நெருப்பு எரியும்போது நடுவே கற்பூரம் எப்படி எரியாதிருக்கும் என்பது. காரைக்காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் எம் போன்றோர்க்கு அந்த உவமையின் உண்மை புரியாமலில்லை. நிதி நெருக்கடியும் உண்மை. மைய அரசு கைவிரித்ததும் உண்மை. ஆயினும் கற்பூரம் பூசைத் தட்டில் இருக்கவேண்டிய பொருள் என்பதையும் நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1974-இல் மறுபடி மதுவிலக்கு, 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடை. 1983-இல் மொத்த விற்பனைக்கு அரசுக் கழகம். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கையிலேயே. 2016 தேர்தலில் ஆளுங்கட்சி படிப்படியாக என்றது, எதிர்க்கட்சி முழுவதுமாக என்றது. இருவரும் மாறி மாறி ஆட்சியில் அமர்ந்தனர். ஐந்நூறு கடை மூடுவது, ஐந்நூறு கடை மூடுவது என்று 2016-இலும் 2017-இலும் 2023-இலும் அறிவிப்பு வந்தது. வருமானக் கணக்கோ குறையவில்லை. "முழு மதுவிலக்கு" என்பது மேடையில் ஏற்றும் குத்துவிளக்கு ஆயிற்று. ஏற்றியவர் இறங்கிப் போனதும் எண்ணெயைப் பற்றி எவருக்கும் கவலையில்லை.

இங்கே புலவர் சிலர் குறுக்கிடுவர். "கள் தமிழர் பண்பாடு ஐயா! சங்கத்தில் அதியமான் ஔவைக்குக் கள் கொடுக்கவில்லையா?" கொடுத்தான், மறுக்கவில்லை. சிறிதளவே கிடைத்தால் அதை அவளுக்குத் தந்தான் என்றுதான் அந்தக் கையறுநிலை பேசுகிறது. கிடைத்ததை மதுவிலக்குத் துறையின் கணக்கில் வரவு வைத்தான் என்று பேசவில்லை. சங்கத்திலிருந்து சான்று வேண்டுமாயின் நம் குடவாசலிலேயே ஒன்று உண்டு. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயில் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டான்; உடனே தரவில்லை; காலந்தாழ்த்தித் தந்ததைக் கையில் வாங்கியும் பருகாமல் உயிர் விட்டான் என்று புறநானூற்றின் 74-ஆம் பாட்டுக்குரிய குறிப்பு கூறுகிறது. தண்ணீரையே மானத்தோடு எடைபோட்ட இடம் இது. பண்பாடு பேசுவோர் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

ஆனால் இந்தப் பொருளில் நாம் பெரிதும் மதிப்பது மணிமேகலையை. சாத்தனார் ஆதிரையின் கதையைச் சொல்லும் இடத்தில், அவள் கணவன் சாதுவன் வருகிறான். புகார் நகரத்து வணிகன். சூதில் பொருளிழந்து, கடல் கடந்து, கலம் உடைந்து, நாகர் வாழும் மலையில் கரை ஒதுங்குகிறான். அவர்கள் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் பெண்ணும் தருகிறான். சாதுவன் மறுக்கிறான், ஏன் மறுக்கிறான் என்பதற்கு அமைதியாகக் காரணம் கூறுகிறான். புராணக்கதையாயிருந்தால் இந்த இடத்தில் வானத்தில் ஓர் ஒளி தோன்றியிருக்கும். நாகர் தலைவன் காலில் விழுந்திருப்பான். மலை முழுவதும் மதுவிலக்கு ஆகியிருக்கும். சாத்தனார் அப்படி எழுதவில்லை. நாகர் தலைவன் நேர்மையாக விடை சொல்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டு எங்களால் உயிர் வாழ இயலாது, எங்களால் இயன்ற அறம் எதுவோ அதைச் சொல். சாதுவனும் சினந்துகொள்ளவில்லை. கலம் உடைந்து கரையேறும் மக்களைக் கொல்லாதே; மூத்துத் தானே இறக்கும் விலங்கையன்றி வேறு உயிரைக் கொல்லாதே. அவ்வளவே கேட்கிறான். தலைவன் ஒப்புக்கொள்கிறான். அந்த ஒப்புதலின் பேரில் சாதுவன் உயிரோடு ஊர் திரும்புகிறான்.

இந்தப் பகுதியைச் சமய உபதேசம் என்று ஒதுக்கிவிடும் திறனாய்வாளர் உண்டு. நாமோ இதைச் சட்ட நூலாகப் படிக்கிறோம். கேட்பவன் உண்மையாகவே கேட்கிறான். ஏற்பவன் உண்மையாகவே ஏற்கிறான். கேட்டது சிறிது, ஆனால் நிறைவேறக் கூடியது. நம் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அனைத்தையும் கேட்கிறது, எதையும் எதிர்பார்ப்பதில்லை. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் ஓதப்படும் சொற்களுக்கு மந்திரம் என்று பெயர். பொருள் தெரியாமல் ஓதுவோர்க்கும், பொருள் தெரிந்தும் கேட்டுக்கொண்டிருப்போர்க்கும் நாம் அறுபது எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த மறுமொழி ஒன்றே அல்லவா? திருமண மேடையில் அதைச் சொன்னோம். சட்டமன்ற மேடையில் ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

இளைஞர் சிலர் எம்மிடம் வாதிட்டனர்: "வயது வந்தவன் தன் காசில் குடிக்கிறான், பகுத்தறிவாளர்க்கு அதில் என்ன?" அறிவார்ந்த கேள்வி. தன் காசு என்னும் சொல்லில்தான் நமக்கு ஐயம். நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்து நிமிர்ந்த மனைவியின் கூலி, நாளைக்குக் கட்டவேண்டிய குழுக்கடனின் தவணை, பிள்ளையின் பள்ளிச் செலவு: இவையெல்லாம் கலந்ததே அந்தக் காசு. தோட்ட வீட்டில் அருந்துபவரின் காசு அவருடையதாக இருக்கலாம். அவருக்கு உரிமை பேச வழக்கறிஞர் பலர் உளர். குடவாசல் வட்டத்தில் எங்கோ ஒரு குடிசையில் உலைநீர் கொதித்துக்கொண்டிருக்க, அரிசி வாங்கி வரச் சென்றவனுக்குக் காத்திருப்பவளுக்கு எவர் உளர்?

நாளையே எல்லாக் கடைகளையும் இழுத்து மூடு என்று நாம் முழங்கப்போவதில்லை. அந்த முழக்கத்தின் வயதை மேலே கண்டோம். சாதுவன் கேட்டதைப் போலச் சிறியது ஒன்றைக் கேட்கிறோம். ஊர்ச்சபை கூடி, பெண்கள் கையுயர்த்தி, இந்தக் கடை வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றினால் அந்தக் கடை எடுக்கப்பட வேண்டும். எத்தனையோ ஊர்களில் அப்படித் தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. ஏட்டில் ஏறிய பின் அவை எங்கே போகின்றன? காந்தியார் பிறந்த நாளில் கடைக்கும் விடுமுறை, அன்றே ஊர்ச்சபைக் கூட்டமும். கடை மூடியிருக்கும் நாளில் கடையை மூடக்கோரும் தீர்மானம். மறுநாள் கடை திறக்கிறது! இந்த ஒரு நாடகத்தையாவது நிறுத்துங்கள்.

இயலாது என்பார்க்கு ஒரு சான்று காட்டுவோம். நீலகிரி மலையில் காலிப் புட்டிகளைக் காட்டில் எறிவதால் யானை முதலிய விலங்குகளின் கால் கிழிகிறது என்று உயர்நீதிமன்றம் கவலைப்பட்டது. 2022-இல் அங்கே ஒரு திட்டம் வந்தது: புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. போலீசு இல்லை, சோதனைச் சாவடி இல்லை, ஆயுள் தண்டனை இல்லை. குடிப்பவனே குனிந்து எடுத்துக்கொண்டு போகிறான்! கேட்டது சிறிது, கேட்டவர் உண்மையாகக் கேட்டார்.

எங்கள் பக்கத்து நடவுப் பெண்கள் முன்பெல்லாம் சேற்றில் இறங்கும்போது அட்டைக்கு அஞ்சுவர். இப்போது கண்ணாடிக்கு அஞ்சுகின்றனர். வரப்பில் அமர்ந்து குடித்துவிட்டு வயலுக்குள் வீசிய புட்டி, ஏர் ஓட்டுகையில் உடைந்து, சேற்றுக்குள் கிடக்கிறது. நாற்றுமுடியைக் கையில் எடுப்பதற்கு முன் மூத்தவள் ஒருத்தி வரப்போரமாகக் காலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை இறங்கச் சொல்கிறாள். சென்ற சம்பா நடவில் குடவாசலுக்குக் கிழக்கே ஒரு வயலில் அப்படி ஒரு புட்டியின் அடிப்பாகம் கிடைத்தது. கழுவிப் பார்த்தனர். ஒட்டு பாதி அழிந்திருந்தது, அக்கரைப் புட்டி. அதற்குப் பத்து ரூபாய் கிடையாது. துணியில் சுற்றி வரப்பின் மேல் வைத்துவிட்டு, அவர்கள் நடவைத் தொடங்கினர்.